கந்தையும் காந்தாவும்

புதுச்சேரி முதலியார்பேட்டைக்காரர்களுக்குத் துணியைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. 1898-இல் தொடங்கிய ரோடியர் மில், பின்னாளில் ஏ.எஃப்.டி. என்று பெயர் பெற்ற ஆலை, அவர்கள் ஊரில்தான் இருந்தது.

அந்தத் துணி கிழிந்த பிறகு? பாட்டியின் பழைய நூல்சேலை உத்தரத்தில் தூளியாகத் தொங்கும்; சில ஊர்களில் ஏணை என்பார்கள். பச்சைப்பிள்ளையைக் கிடத்தவும் புதுத்துணி ஆகாது. துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன வேட்டிதான் வேண்டும்.

வங்காளத்திலும் இதே கணக்குதான். ஆனால் அங்கே உட்கார்ந்து தைத்தார்கள். நாலைந்து பழஞ்சேலைகளை அடுக்கி, சேலைக் கரையிலிருந்தே நூல் உருவி, நெருக்கமாக நூலோட்டம் போட்டால் அது காந்தா என்னும் போர்வை. பூவும் மீனும் கதையும் அதில் ஏறும். மகாராஷ்டிரத்தில் கோதடி, வடகர்நாடகத்தில் கவுதி. நமக்குக் கோரைப்பாய் போதுமானதாக இருந்தது. அப்படி என்ன குளிர் இங்கே!

ஆனாலும் உறவு விட்டுப்போகவில்லை. 'கந்தையானாலும் கசக்கிக் கட்டு' என்கிறோமே, அந்தக் கந்தையும் இந்தக் காந்தாவும் ஒரே வடசொல்லிலிருந்து வந்தவை.

பழைய சேலைகளைப் போட்டுப் பாத்திரம் வாங்கும்போது, அம்மாவின் நூல்சேலை ஒன்றை மட்டும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.