தமிழுக்கு வாயசைக்கும் சித்திரங்கள்



திருவண்ணாமலையில் 217 அடி உயர்ந்து நிற்கும் ராஜகோபுரத்தை அண்ணாந்து பார்க்கும் சிறுவன் ஒருவனிடம், இதைக் கட்டத் தொடங்கியவர் கிருஷ்ணதேவராயர் என்று சொன்னால், "தெனாலிராமனுடைய ராஜாதானே?" என்று அவன் உடனே கேட்கக்கூடும். அந்தப் பரிச்சயம் பாட்டியின் கதையால் வந்ததாக இருக்கலாம்; தொலைக்காட்சியின் பொம்மைப் படத்தால் வந்ததாகவும் இருக்கலாம். திருவனந்தபுரத்தில் 1999-இல் தோன்றிய டூன்ஸ் என்னும் ஸ்டூடியோ தெனாலிராமன் கதைகளைத் தொடராக்கியது; 2003-இல் அது கார்ட்டூன் நெட்வொர்க்கில் ஒளிபரப்பாயிற்று. ஹைதராபாதில் ராஜீவ் சிலகாவின் கிரீன் கோல்ட் நிறுவனம் உருவாக்கிய 'சோட்டா பீம்' 2008-இல் வந்தது. லட்டு தின்று பலம் பெறும் அந்தப் பிள்ளையை அறியாத குழந்தை இன்று அபூர்வம்.

இப்படங்கள் எத்தனை சிரத்தையால் பிறக்கின்றன என்பதைப் பெற்றோர் அறிந்தால், அவற்றை வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்கமாட்டார்கள் என்பது என் அபிப்பிராயம். ஒரு விநாடிக்கு 24 பிரேம்கள் ஓடுகின்றன. ஒரு சித்திரத்தை இரண்டு பிரேம்களுக்கு நிறுத்திக்கொள்ளும் வழக்கப்படி 12 சித்திரங்கள் போதும் என்றாலும், 11 நிமிஷக் கதைக்கு அதுவே 7,920 ஆகிறது. கை கால்களைத் தனித்தனியே வரைந்து கம்ப்யூட்டரில் அசைக்கும் இக்காலத்தில் கைவேலை குறைந்திருக்கிறதே ஒழிய, கவனம் குறைவதற்கு இடமே இல்லை.

கார்த்திகை தீபத்தன்று மலையுச்சியில் ஜோதி தெரிந்தவுடன், ஒரு சிறுமி அகல் விளக்கை ஏந்தி வாசலுக்கு வருகிறாள் என்று வைத்துக்கொள்வோம். தேர்ந்த சித்திரக்காரர் முதலில் முக்கியமான நிலைகளை மட்டும் வரைகிறார். இடைப்பட்டவற்றை உதவியாளர்கள் நிரப்புகிறார்கள். அவள் முன்னே நடக்க, சுடர் அவள் பக்கமாகவே சாயவேண்டும். அதைக் கண்ட பிறகே உள்ளங்கை எழுந்து மறைக்க வேண்டும். சுடரும் கையும் ஒரே கணத்தில் அசைந்துவிட்டால் அங்கே உயிர் இருக்காது. கண் படியைப் பாராமல் சுடரிலேயே இருக்க, கால் பெருவிரல் படியின் விளிம்பைத் தடவித் தேடவேண்டும். குழந்தைகளைக் கூர்ந்து பார்த்தவர்களுக்கே இது கைவரும்.

அந்தச் சிறுமி வாய் திறந்து பேசினால்தான் நான் சொல்ல வந்த விஷயம் ஆரம்பமாகிறது. குரலை முதலில் பதிவுசெய்து, அதைத் திரும்பத் திரும்பக் கேட்டு வாயசைவை வரைவது ஸ்டூடியோக்களின் முறை. 2007-இல் தொடங்கிய சுட்டி டிவியில் டோராவும் அவளுடைய குரங்குத் தோழன் புஜ்ஜியும் அழகாகத் தமிழ் பேசினார்கள். குரல் கொடுத்தவர்களின் சாமர்த்தியத்தை எவ்வளவு பாராட்டினாலும் தகும். ஆனால் அந்த வாய்கள் ஆங்கிலத்துக்காக வரையப்பட்டவை. அந்த அசைவின் நீளத்துக்குத் தமிழை வெட்டியும் நீட்டியும் பொருத்த வேண்டியிருப்பதால், நம் பேச்சின் இழுப்பும் குழைவும், "ஏன்ம்மா?" என்னும் கேள்வியின் செல்லமும் அங்கே அடிபட்டுப் போகின்றன. தமிழ்க் குரலைக் கேட்டு வரைந்த முகங்கள் நம் பிள்ளைகளுக்கு வேண்டும்.

இதற்கு முன்னோடிகள் இல்லாமல் இல்லை. சென்னை ஜெமினி ஸ்டூடியோவில் தாணு என்னும் கலைஞர் 1947-லேயே 'சினிமா கதம்பம்' என்ற சித்திரப் படத்தை உருவாக்கினார். டிஸ்னியிடம் பணியாற்றிய கிளேர் வீக்ஸ் பம்பாய் பிலிம்ஸ் டிவிஷனுக்கு வந்து நம்மவர்களுக்குப் பயிற்சி அளித்தது அதற்கு 9 ஆண்டுகள் பின்னர்தான். இளையராஜாவின் இசையோடு 'இனிமே நாங்கதான்' என்ற சித்திரப் படம் 2007-இல் வெளிவந்தது. முயற்சிகள் இருந்தன, அவை தொடர்ச்சியாகவில்லை என்பதே என் வருத்தம்.

பெரிய ஸ்டூடியோ எழும் வரையில் காத்திருக்க வேண்டாம். ஒரு நிமிஷப் படத்துக்கு 720 சித்திரங்கள். 40 பிள்ளைகள் உள்ள வகுப்பில் தலைக்கு 18. தாள்கள் நகராதபடி துளையிட்டுப் பொருத்த இரண்டு முளைகள், மேலிருந்து படமெடுக்க ஆடாமல் நிறுத்திய ஒரு கைப்பேசி, இவற்றோடு அந்தப் பிள்ளைகளின் குரலையே முதலில் பதிவுசெய்துகொண்டால், திருவண்ணாமலையில் எந்தப் பள்ளியின் ஓவிய ஆசிரியரும் இந்தக் கோடை விடுமுறைக்குள் இதை ஆரம்பித்துவிடலாம்.