கடைசி ஒரு கல் தொலைவு

(திங்கள் கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற பொழிவின் எழுத்து வடிவம்)



சென்னைக் கடற்கரையின் மணலுக்கு அடியில், காண்பார் கண்ணுக்குப் புலப்படாமல், கண்ணாடி இழைகளை உள்ளே தாங்கிய வடங்கள் கரையேறுகின்றன. சிங்கப்பூரிலிருந்து ஏறத்தாழ 3,200 கிலோமீட்டர் கடலைக் கடந்து ஒரு வடம் 2002 இல் வந்தது. அதே சிங்கப்பூரிலிருந்து மற்றொன்று 2004 இல் வந்தது. தென்கிழக்காசியாவையும் மேலை ஐரோப்பாவையும் இணைக்கும் நெடுவடம் ஒன்று 2005 இல் சென்னையையும் தொட்டுச் சென்றது. சென்னையிலிருந்து அந்தமான் தீவுகளுக்கு ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் வடம் இடப்பெற்று, 2020 இல் பயனுக்கு வந்தது. உலகத்தின் செய்தியும் கல்வியும் வணிகமும் இவ்வாறு தமிழகத்தின் வாயிலில் வந்து நிற்கின்றன.

ஆனால், அவ்வாயிலினின்று ஒரு சிற்றூர்ப் பள்ளிக்கும், ஓர் உழவன் குடிலுக்கும், நகரத்துச் சந்தொன்றின் ஓட்டு வீட்டிற்கும் செல்ல வேண்டிய கடைசி ஒரு கல் தொலைவில்தான் இழை நின்று விடுகின்றது. கடலைக் கடந்தது, கண்மாயைக் கடக்கவில்லை! இது தொழில்நுட்பத்தின் குறையா? ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஆழ்கடலில் வடம் இடத் தெரிந்தவர்க்கு ஒரு கல் தொலைவு நிலத்தில் இடத் தெரியாதா? தெரியும். கடலில் இடுவதனால் வரும் வருவாய் பெரிது; கடைசிக் கல்லில் இடுவதனால் வரும் வருவாய் சிறிது. இதனைத் தவிர வேறு கரணியம் இல்லை.

பெயர் பெரிது, அளவு சிறிது

இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையப் பணி 15-8-1995 அன்று தொடங்கியது. தொலைபேசிக் கம்பியின் வழியே, ஊர்ந்து செல்லும் விரைவில் அது வந்தது. நடுவணரசு 2004 இல் அகலப்பட்டைக் கொள்கையை வெளியிட்டது. நொடிக்கு 256 கிலோபிட்டு விரைவு இருந்தாலே அஃது ‘அகலப்பட்டை’ என்று அக்கொள்கை இலக்கணம் வகுத்தது. 2010 ஆம் ஆண்டிற்குள் 2 கோடி இணைப்புகள் என்பது அதன் இலக்கு. 2010 முடிவில் இருந்தவையோ ஏறத்தாழ 1 கோடியே 10 இலக்கம். இலக்கில் பாதியைச் சற்றே கடந்த நிலை அது. அகலம் என்று பெயர் சூட்டிய அந்த அளவு 2013 இல் 512 கிலோபிட்டாகவும், 2023 இல் தான் 2 மெகாபிட்டாகவும் உயர்த்தப்பெற்றது. ஒற்றையடித் தடத்திற்கு ‘அரசப் பெருவழி’ என்று பெயர்ப்பலகை நட்டதற்கு ஒப்பாகும் இச்செயல்.

அக்காலத்து இளைஞர் பட்ட பாட்டை இன்றைய இளைஞர் அறியார். அரசுத் தொலைபேசி நிறுவனத்தின் கட்டணத் திட்டமொன்றில், பின்னிரவு 2 மணி முதல் காலை 8 மணி வரை அளவின்றிப் பயன்படுத்தலாம் என்றொரு சலுகை இருந்தது. பகலில் பயன்படுத்தினால் திங்கள் முடிவில் கட்டணம் கழுத்தை நெரிக்கும். எனவே கற்க விழைந்த பிள்ளைகள் ஊர் உறங்கும் வேளையில் விழித்திருந்தனர். அறிவைத் தேடுவோன் திருடனைப்போல் நள்ளிரவில் எழ வேண்டியிருந்தது!

நகரத்தார் படும் பாடு

நகரத்தில் இருப்போர்க்கு எல்லாம் கிடைத்துவிட்டது என்று எண்ணுதல் தவறு. அவர்க்கு வாய்த்த தொல்லை வேறு வகையது.

முதலாவது, ‘வரை’ என்னும் சொல். “நொடிக்கு 100 மெகாபிட்டு வரை” என்று விளம்பும் தாளில், நூறு பெரிய எழுத்திலும் ‘வரை’ சிறிய எழுத்திலும் நிற்கும். தமிழில் வரை என்பதற்கு எல்லை என்றும் மலை என்றும் பொருள் உண்டு. விற்போர் எல்லை என்ற பொருளில் எழுத, வாங்குவோர் மலை ஏறுவோராய் மூச்சு வாங்குகின்றனர். ஒரே இழையைப் பல வீடுகள் பகிர்ந்துகொள்வதால், மாலையில் எல்லாரும் ஒருங்கே பயன்படுத்தும்போது விரைவு தளர்கின்றது. எத்தனை வீட்டிற்கு ஓர் இழை என்பதனை வாங்குவோனுக்கு விற்போர் சொல்வதில்லை. ‘அளவற்ற பயன்பாடு’ என்ற திட்டத்திலும் ஓர் அளவு மறைந்திருக்கும். அதனைத் தாண்டினால் விரைவு ஆமை நடையாகும்.

இரண்டாவது, இருபத்தெட்டு நாள் கணக்கு. கைப்பேசி நிறுவனங்களுக்குத் திங்கள் என்பது முப்பது நாளன்று, இருபத்தெட்டே நாள். ஆண்டின் 365 நாளை 28 ஆல் வகுத்தால் பதின்மூன்று முறை கட்டணம் செலுத்துதல் வேண்டும். கூலி வாங்குவோன் ஆண்டுக்குப் பன்னிரண்டு முறை வாங்குகின்றான். இணையத்திற்குப் பதின்மூன்று முறை கொடுக்கின்றான். இல்லாத திங்கள் ஒன்றை உண்டாக்கி அதற்கும் பணம் பெறும் திறம் வணிகருக்கே உரியது. மக்கள் முறையிட்ட பின்னர், ஒவ்வொரு நிறுவனமும் முப்பது நாள் திட்டம் ஒன்றேனும் வைத்தல் வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2022 இல் கட்டளையிட்டது. ‘ஒன்றேனும்’ என்றதனால் ஒன்று வந்தது. மற்றவை பழைய கணக்கிலேயே நின்றன.

மூன்றாவது, வரி. தொலைத்தொடர்புப் பணிகளுக்கு 2017 முதல் சரக்கு பணி வரி 18 விழுக்காடு. 500 உருபாத் திட்டம் வீட்டிற்கு வரும்போது 590 உருபா ஆகின்றது. மாணவன் பயிலும் பாடத்திற்கும் செல்வன் காணும் கேளிக்கைக்கும் ஒரே வரி!

விலை இறங்கியதும் ஏறியதும்

“இந்தியாவில் இணையம் மலிவு அன்றோ?” என்று வினவுவார் உளர். ஒரு கிகாபைட்டின் விலையை மட்டும் எடுத்துப் பார்த்தால் மலிவுதான். அம்மலிவு எவ்வாறு வந்தது, எவ்வாறு போகின்றது என்பதையும் காணுதல் வேண்டும்.

2016 செப்டம்பரில் சியோ நிறுவனம் களத்தில் இறங்கிப் பல திங்கள் இலவயமாக வழங்கியது. விலை வீழ்ந்தது, மக்கள் மகிழ்ந்தனர். அவ்வீழ்ச்சியில் சிறிய நிறுவனங்கள் ஒவ்வொன்றாக அழிந்தன. 1999 இல் தமிழகத்தில் தொடங்கி இங்கே மிகப் பலர் பயன்படுத்திய ஏர்செல் 2018 பிப்பிரவரியில் நொடித்தது. ஓரிரு நாளில் இலக்கக் கணக்கானோர் கைப்பேசிகள் வாயடைத்துப் போயின. எண்ணை வேறு நிறுவனத்திற்கு மாற்றக் கடைவாயில்களில் மக்கள் வரிசையில் நின்றதைத் தமிழகம் மறந்திருக்காது. அதே ஆண்டில் வோடபோனும் ஐடியாவும் ஒன்றாயின. முடிவில் நாடளாவிய தனியார் நிறுவனங்கள் மூன்றே எஞ்சின.

போட்டியாளர் குறைந்த பின்னர் நிகழ்ந்தது என்ன? 2019 இல் கட்டணம் ஏறியது. 2021 இல் ஏறியது. 2024 சூலையில் மூன்று நிறுவனங்களும் ஒருசில நாளுக்குள் அடுத்தடுத்து ஏற்றின. அரசு நிறுவனம் மாற்றாக நின்றிருக்கக் கூடும். ஆனால் தனியார் 2012 இல் தொடங்கிய நான்காம் தலைமுறைப் பணியை, அரசு நிறுவனம் நாடளாவிய அளவில் தொடங்கியது 2025 செப்டம்பரில்தான். கைகளைக் கட்டிவிட்டு, மற்போரில் தோற்றான் என்று ஒருவனைப் பழிப்பது முறையாகுமா?

மேலும், ஏழைக்கு ஒரு கிகாபைட்டின் விலை பெரிதன்று. கதவைத் திறந்து வைத்திருப்பதற்கான மிகக் குறைந்த கட்டணமே பெரிது. தந்தைக்கு ஒன்று, தாய்க்கு ஒன்று, கல்லூரியில் பயிலும் மகளுக்கு ஒன்று என மூன்று கைப்பேசிக்குப் பதின்மூன்று முறை செலுத்தும் வீட்டின் கணக்கைப் பார்த்தவர் மலிவு என்று சொல்லார்.

சிற்றூரின் நிலை

சிற்றூர்க்கு வருவோம். நடுவணரசு 2011 அக்டோபரில் ஒரு திட்டத்திற்கு இசைவளித்தது. இந்தியாவின் 2,50,000 ஊராட்சிகளுக்குக் கண்ணாடி இழை, செலவு ஏறத்தாழ 20,000 கோடி உருபா, கெடு ஈராண்டு. கெடு கழிந்தது, 2015 இல் அத்திட்டம் ‘பாரத்நெட்’ எனப் பெயர் மாறியது, பணி முடியவில்லை. 2023 ஆகத்தில், திருத்திய திட்டமென்று 1,39,579 கோடி உருபாவிற்கு மீண்டும் இசைவளிக்கப்பெற்றது. ஈராண்டுப் பணி பன்னிரண்டு ஆண்டிலும் முடியாமல், செலவு மட்டும் ஏழு மடங்கு வளர்ந்து நின்றது.

தமிழகத்தின் 12,525 ஊராட்சிகளுக்கும் இழை கொண்டு செல்லத் தமிழ்நாடு கண்ணாடி இழை வலையமைப்பு நிறுவனம் 2018 இல் அமைக்கப்பெற்றது. அதன் ஒப்பந்தப்புள்ளியின் கட்டுப்பாடுகள் முறையற்றவை என்று முறையீடு எழுந்து, 2020 இல் அது நீக்கப்பெற்று மீண்டும் கோரப்பெற்றது. நோய்த்தொற்றால் பள்ளிகள் மூடிக் கிடந்து, இணையம் உயிர்க்காற்றுப் போல் வேண்டப்பட்ட அந்த ஆண்டில் ஒப்பந்தத் தாள்கள் அலுவலகங்களுக்கு இடையே அலைந்தன.

இழை ஊராட்சிக்கு வந்துவிட்டால் மட்டும் போதுமா? ஊராட்சி அலுவலகச் சுவரில் பெட்டியொன்று பொருத்தப்பட்டவுடன் ‘இணைக்கப்பட்ட ஊர்’ என்று ஏட்டில் எழுதப்படுகின்றது. ஓர் ஊராட்சிக்குள் பல குடியிருப்புகள். சேரி ஒருபுறம், மலையடி ஊர் ஒருபுறம். பெட்டியிலிருந்து அங்கே யார் இழை இழுப்பது? பழுதானால் யார் பார்ப்பது? நகரத்தின் அடுக்கு வீட்டில் நூறு மீட்டர் இழைக்கு நாற்பது வீடு கிடைக்கும். சிற்றூரில் ஒரு கிலோமீட்டர் இழைக்கு நான்கு வீடே கிடைக்கலாம். வருவாய் ஒன்றையே அளவுகோலாகக் கொண்டவன் அங்கே செல்லான்.

கைப்பேசிக் கோபுரம் இருக்கின்றதே எனலாம். கோபுரம் நின்றால் போதாது. அதன் அடிக்கு இழை வந்திருத்தல் வேண்டும். இழையில்லாக் கோபுரம் குறுகிய வழியில் வரும் நீரை ஊர் முழுதுக்கும் பங்கிடும் தொட்டி போன்றது. முதலில் மொண்டவனுக்கு உண்டு, பின்னால் வந்தவனுக்கு இல்லை.

இதனால் விளையும் இழப்பு விளையாட்டன்று. 2020, 2021 ஆம் ஆண்டுகளில் அலைவரிசை தேடிப் பிள்ளைகள் பாறை மேலும் மரக்கிளை மேலும் அமர்ந்து பாடம் கேட்டனர். 2021 இல் தமிழக அரசு கல்லூரி மாணவர் 9,69,000 பேருக்கு நாளொன்றுக்கு 2 கிகாபைட்டு அட்டை வழங்குவதாக அறிவித்தது, நல்ல செயலே. ஆயினும் அலை எட்டாத ஊரில் அவ்வட்டை எண்ணெயில்லா விளக்கே. ஊரக வேலை உறுதித் திட்டத்தில் 2023 முதல் தொழிலாளர் வருகையைக் கைப்பேசிச் செயலியில் நாளுக்கு இருமுறை படமெடுத்துப் பதிதல் கட்டாயமாக்கப்பெற்றது. மண் வெட்டியவளின் கை ஓயவில்லை, அலைவரிசை ஓய்ந்தது, அவள் கூலி ஐயத்திற்கு உள்ளாயிற்று. இணையத்தைக் கட்டாயமாக்கும் அரசு, இணையத்தைக் கொடுக்காதிருப்பது எவ்வகை அறம்?

பணம் இல்லையா?

பணம் இல்லை என்று சொல்ல இயலாது. சிற்றூர்த் தொலைத்தொடர்பிற்கெனவே 2002 இல் நடுவணரசு ஒரு நிதியம் அமைத்தது. தொலைத்தொடர்பு நிறுவனங்களின் திருத்திய மொத்த வருவாயில் 5 விழுக்காடு அதற்குச் செல்கின்றது. நிறுவனத்தின் வருவாய் என்பது மக்கள் கட்டிய கட்டணமே. ஆடு மேய்ப்பவன் கைப்பேசிக்குக் கட்டிய பணத்திலும் அதில் பங்குண்டு. அத்தொகை உரிய காலத்தில் உரிய பணிக்குச் செலவாகாமல் தேங்கியது நாடாளுமன்றத்தில் பலமுறை பேசப்பட்ட செய்தி. 2023 ஆம் ஆண்டுச் சட்டத்தால் அந்நிதியத்தின் பெயரும் மாறியது. பெயர்கள் மாறிக்கொண்டே இருக்கின்றன. ஊர் மட்டும் மாறவில்லை.

பிறர் செய்து காட்டியது

சுவீடன் நாட்டின் தலைநகராகிய சுடாக்கோம் 1994 இல் நகரத்திற்கே உரிமையான இழை நிறுவனத்தை அமைத்தது. அது தானே இணையம் விற்பதில்லை. இழையை எல்லா நிறுவனத்தார்க்கும் ஒரே முறையில் வாடகைக்கு விடுகின்றது. வழி பொது; அதன்மேல் வண்டி ஓட்டுவோர் பலர். ஒருவன் விலையை ஏற்றினால் மக்கள் அடுத்தவனிடம் செல்வர்.

இங்கிலாந்தின் இலங்காசயர்ப் பகுதிச் சிற்றூர்களுக்குப் பெருநிறுவனங்கள் இழை தர முன்வரவில்லை. 2011 இல் ஊரார் தாமே கூட்டாக ஓர் அமைப்பைத் தொடங்கினர். உழவர் தம் நிலத்தின் வழியே இழை செல்லக் கட்டணமின்றி இசைந்தனர். ஊரார் மண்வெட்டி எடுத்துத் தாமே பள்ளம் தோண்டினர். நகரத்தாரும் பொறாமை கொள்ளுமாறு நொடிக்கு 1 கிகாபிட்டு விரைவு அவ்வூர்களுக்குக் கிடைத்தது. ஊர் கூடிக் குளம் வெட்டியும், குடிமராமத்தால் கண்மாயின் கரை காத்தும் வாழ்ந்த தமிழர்க்கு இது புதிய பாடமா?

தொலைவு எதற்கு? அண்டையிலுள்ள கேரளத்தில், இணையம் பெறும் உரிமை கல்வி உரிமையின் கூறு என்று அம்மாநில உயர்வழக்கு மன்றம் 2019 இல் தீர்ப்பளித்தது. அம்மாநில அரசு தன் சொந்த இழை வலையமைப்பை 2023 இல் தொடங்கி, ஏழைக் குடும்பங்களுக்குக் கட்டணமின்றி வழங்கவும் திட்டமிட்டது.

செய்ய வேண்டுவன

முதலாவது, கடைசிக் கல்லின் இழை சாலையைப் போலவும் குடிநீர்க் குழாயைப் போலவும் பொதுவுடைமை ஆதல் வேண்டும். ஊராட்சிப் பெட்டியிலிருந்து வீடுகளுக்குச் செல்லும் பணியை உள்ளூர்க் கம்பிவடத் தொழில் செய்வோர்க்கும் மகளிர் குழுக்களுக்கும் அளித்தல் வேண்டும். பழுது பார்ப்பவன் அதே ஊரான் ஆனால், பழுது நாளையே நீங்கும்.

இரண்டாவது, ‘வரை’ என்னும் சொல் நீங்கி, ‘குறையாது’ என்னும் சொல் வருதல் வேண்டும். எந்த நேரத்திலும் இவ்வளவிற்குக் குறையாது என்று எழுதித் தருதல் வேண்டும். குறைந்தால் கட்டணமும் குறைதல் வேண்டும். திங்கள் என்றால் முழுத் திங்கள் ஆதல் வேண்டும். விலையும் கட்டுப்பாடும் தமிழில், படிக்கத்தக்க எழுத்தில் இருத்தல் வேண்டும்.

மூன்றாவது, கேட்டல் வேண்டும். தமிழகத்தில் ஆண்டுக்கு ஆறு முறை ஊரவைக் கூட்டம் நடைபெற 2022 இல் வகை செய்யப்பெற்றது. “இவ்வூர்க்கு இழை வந்த நாள் எது? எத்தனை வீட்டிற்குச் சென்றது? எத்தனை நாள் பழுதாய்க் கிடந்தது?” என்னும் மூன்று வினாக்களை அங்கே எழுப்பித் தீர்மான ஏட்டில் பதியச் செய்க. விடை வாராவிடில் 2005 ஆம் ஆண்டுத் தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின்கீழ் எழுதிக் கேட்க. பத்து உருபாச் செலவில் ஒரு விடை பெறலாம். அவ்விடையைக் கையில் வைத்துக்கொண்டு பத்து ஊர்கள் ஒன்று சேரலாம்.

தமிழ் மக்களே! ஏரியிலிருந்து கழனிக்கு நீர் செல்லும் கால்வாயை ஒருவன் தனக்கென அடைத்தால் ஊர் பொறுத்திருந்ததில்லை. இன்று அறிவு ஓடும் கால்வாய் அடைபட்டுக் கிடக்கின்றது. அதனைத் திறக்கும் உரிமை ஊருக்கே உண்டு. கடல் கடந்து வந்தது கடைசிக் குடிலுக்கும் செல்லுதல் வேண்டும்.

வழி பொதுவாகுக! வாயில் எல்லார்க்கும் திறக்குக!