சின்ன வயதில் குடித்த சொட்டு மருந்து இன்னும் காக்குமா?

(மீள்குடியேறும் குடும்பங்களுக்கான சுகாதாரக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)



வளர்ந்தவர்கள் எங்களிடம் அடிக்கடி கேட்பது இது: "சின்னனில் எங்களுக்கும் போலியோ சொட்டு மருந்து தந்தவை. முப்பது வருஷமாச்சு. இன்னும் அது காக்குமோ? பிள்ளைகளோடு எங்களுக்கும் தருவீங்களோ?"

காக்கும். சிறுவயதில் எல்லாத் தடவையும் மருந்து பெற்றவருக்கு, கை கால் வழங்காமல் போகாதபடி அந்தப் பாதுகாப்பு பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் நிற்கும். இரத்தத்திலுள்ள எதிர்ப்புச் சக்தி வயதோடு குறையலாம். ஆனால் உடம்பு அந்தக் கிருமியை மறப்பதில்லை. கிருமி திரும்ப வந்தால் விரைவாக எதிர்க்கும். ஆகவே ஊர் திரும்புவதற்காக நீங்கள் மறுபடி மருந்து எடுக்கத் தேவையில்லை. பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான் போன்ற நாடுகளுக்குப் போகிறவர்களும், சிறுவயதில் ஒரு தடவையேனும் மருந்து பெறாதவர்களும் சுகாதார வைத்திய அதிகாரியிடம் கேளுங்கள்.

இலங்கையில் கடைசிப் போலியோ நோயாளி காணப்பட்டது 1993இல். யுத்த காலத்திலும், 1995 முதல், சொட்டு மருந்து கொடுக்கும் நாட்களில் சண்டையை நிறுத்தி வைத்தார்கள். இங்கே இருப்பவர்களில் சிலர் அப்படி மருந்து குடித்த பிள்ளைகளாக இருப்பீர்கள்.

ஆனால் உங்கள் பாதுகாப்பு உங்கள் பிள்ளையைக் காக்காது. தாயிடமிருந்து குழந்தைக்குக் கிடைக்கும் எதிர்ப்புச் சக்தி சில மாதங்களே நிற்கும். மருந்து குடித்த பெரியவரின் குடலிலும் கிருமி தங்கி, அவருக்கு ஒன்றும் செய்யாமலே மலத்தோடு வெளியேறலாம். கிணற்றுக்குப் பக்கத்தில் வெளிக்குப் போகிற இடத்தில் அது அடுத்த வீட்டுக் குழந்தையைத் தேடிப் போகும். மலசலகூடம் கட்டி முடியும்வரை இதை மனதில் வைத்திருங்கள்.

பிள்ளைக்கு 2, 4, 6, 18 மாதங்களிலும் 5 வயதிலும் சொட்டு மருந்து கொடுக்க வேண்டும். இடம்பெயர்ந்தபோது ஒரு தடவை தவறியிருந்தால் முதலிலிருந்து தொடங்கத் தேவையில்லை, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அட்டை தொலைந்துவிட்டதா? அதற்கு வெட்கப்பட்டுக் கிளினிக்குக்கு வராமல் இருக்க வேண்டாம். அப்படி நிற்கும் தாய்மார்தான் எங்களுக்குப் பெரிய கவலை. குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். முன்பு கொடுத்தது நிச்சயமில்லை என்றால் திரும்பக் கொடுப்பார்கள். ஒரு தடவை கூடுவதால் பிள்ளைக்குக் கெடுதல் இல்லை.

15 வயதுக்குட்பட்ட பிள்ளைக்குத் திடீரெனக் கை கால் சோர்ந்து போனால், எண்ணெய் பூசிப் பார்த்துக்கொண்டு இருக்காமல் அன்றைக்கே அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். விழுந்ததால் வந்தது என்று நீங்களே முடிவெடுக்க வேண்டாம். போலியோவா இல்லையா என்பதை மலத்தைப் பரிசோதித்துத்தான் சொல்ல முடியும்.