தரவு அறிவியல் யாருக்கு?

(குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



என் தவறு ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். பத்தாம் வகுப்பில் என்னிடம் கணிதம் படித்த மாணவி ஒருத்தி, பிறகு வணிகவியல் பிரிவில் சேர்ந்தாள். பன்னிரண்டாம் வகுப்பில் ஒருநாள் வந்து, "சென்னை ஐ.ஐ.டி.யில டேட்டா சயின்ஸ் நாங்களும் படிக்கலாமாமுங்க மிஸ், நெசமுங்களா?" என்று கேட்டாள். "அதெல்லாம் ஜே.இ.இ. எழுதறவங்களுக்குக் கண்ணு" என்றேன். விசாரிக்காமலே சொன்ன பதில். சென்ற ஆண்டு பழைய பேருந்து நிலையத்தில் அவளைப் பார்த்தேன். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை.

அன்று இரவுதான் உட்கார்ந்து படித்தேன். 2020-இல் தொடங்கிய அந்த இணையவழிப் பட்டப்படிப்புக்கு ஜே.இ.இ. தேவையில்லை. பன்னிரண்டாம் வகுப்பில் எந்தப் பிரிவானாலும் சரி. பத்தாம் வகுப்பில் கணிதமும் ஆங்கிலமும் படித்திருந்தால் போதும். வயது வரம்பு இல்லை. நான்கு வாரம் நான்கு பாடங்களைப் படித்து, பயிற்சிகளை முடித்து, மையத்துக்கு நேரில் போய்த் தகுதித் தேர்வு எழுத வேண்டும். கட்டணம் நம் பிள்ளைகளுக்கு அதிகம்தான். ஆனால் வருமானச் சான்று, சாதிச் சான்று அடிப்படையில் 75 சதவீதம் வரை சலுகை உண்டு. இடையில் நிறுத்த நேர்ந்தாலும் முடித்த நிலைக்கேற்பச் சான்றிதழோ பட்டயமோ கிடைக்கும். நம் துறையும் ஐ.ஐ.டி.யும் சேர்ந்து 'அனைவருக்கும் ஐ.ஐ.டி.எம்.' என்றே ஒரு திட்டம் நடத்துகின்றன. சுற்றறிக்கையைப் பத்திரமாகக் கோப்பில் வைப்பதில் நம்மை மிஞ்ச ஆளில்லை!

அந்த நான்கில் ஒன்று 'கணினிவழிச் சிந்தனை'. திறந்து பார்த்தால் தொடக்கத்தில் நிரல் எழுதும் வேலையே இல்லை, அட்டைகள்தான். ஒவ்வோர் அட்டையிலும் ஒரு மாணவரின் பெயர், பிறந்த தேதி, ஊர், மதிப்பெண்கள். பேராசிரியர்கள் மாதவன் முகுந்தும் ஜி. வெங்கடேஷும் அட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துத் தனியே வைத்தபடி பாடம் நடத்துகிறார்கள். அதிக மதிப்பெண் எது என்று அறிய, ஓர் எண்ணை மட்டும் நினைவில் வைத்தால் போதும். சராசரிக்கு இரண்டு எண்கள். ஒரே நாளில் பிறந்தவர்கள் யார் என்று கேட்டால்தான் சிக்கல்: 40 அட்டை என்றால் 780 முறை ஒப்பிட வேண்டும். முதலில் மாதவாரியாகப் பிரித்துக்கொண்டால் அந்த வேலை பெருமளவு குறைந்துவிடும்.

இதை என் ஒன்பதாம் வகுப்பில் செய்தேன். வீட்டில் வேலைக்குப் போகும் ஒருவர் முந்தைய நாள் எத்தனை மணி நேரம் வேலை செய்தார் என்பதை ஆளுக்கோர் அட்டையில், பெயரில்லாமல், எழுதி வரச் சொன்னேன். பெரும்பாலும் 8, 12. ஒன்றில் மட்டும் 16. சராசரி போட்டுக்கொண்டிருந்த பையன், "இது எங்கம்மா அட்டைங்க மிஸ். இதை எடுத்துட்டா சராசரி குறைஞ்சிரும். எடுக்கலாமுங்களா, கூடாதுங்களா?" என்றான். வகுப்பே அதைப்பற்றிப் பேசியது. மணி அடித்த பிறகும் யாரும் எழவில்லை.

அந்தப் பட்டப்படிப்பில் சேர்ந்தவர்களை நீலகிரி, பிச்சாவரம், வயநாடு என்று காடுகளின் பெயரில் இல்லங்களாகப் பிரித்திருக்கிறார்கள். சந்தேகம் கேட்க, சேர்ந்து படிக்க அங்கே ஆள் உண்டு. அதெல்லாம் உள்ளே போன பிறகு. தகுதித் தேர்வுக்கு முந்தைய அந்த நான்கு வாரம், செக்கிங் டேபிளில் நின்றுவிட்டு இரவு ஒன்பதுக்கு வீடு திரும்பும் பெண்ணுக்கு நம்மைத் தவிர யார் இருக்கிறார்கள்?

அவளிடம் போய் நான் சொன்னது தப்பு என்றேன். "இப்பவும் சேரலாமுங்களா?" என்றுதான் கேட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் என் வீட்டுக்கு வந்து படித்தாள். முதல் முறை தேறவில்லை. கணக்கு வந்துவிட்டது, காணொலிகள் எல்லாம் ஆங்கிலத்தில் இருப்பதால் நிறுத்தி நிறுத்திக் கேட்டும் பல இடங்கள் புரியவில்லை. மறுபடி எழுதப்போகிறாள். இந்த முறை அவளோடு இன்னும் இரண்டு பேர் வருகிறார்கள். எனக்கு ஆங்கிலம் நடத்த வராது. ஞாயிறு மாலை ஒரு மணி நேரம் தரக்கூடிய ஆங்கில ஆசிரியர் யாராவது இங்கே இருந்தால், தேநீர் இடைவேளையில் என்னைப் பாருங்கள்.