ஒரு வாரத்திற்கு ஓர் அரசாங்கம்
(இளைஞர்களும் வணிகர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அரசியல் என்றால் என்ன என்று ஒரு பதினேழு வயது மாணவனிடம் கேட்டுப் பாருங்கள். கொடி என்பான், போஸ்டர் என்பான், தலைவர் பெயரைச் சொல்வான். ஒரு மசோதா எப்படிச் சட்டமாகிறது என்று கேட்டால் விழிப்பான். அவனைக் குறை சொல்லிப் பயனில்லை. பாடப் புத்தகத்தில் படித்தான், பரீட்சையில் எழுதினான், மறந்தான். செய்து பார்க்க யார் அவனுக்கு இடம் கொடுத்தார்கள்?

அப்படி இடம் கொடுக்கும் ஓர் ஏற்பாட்டைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். நடப்பது அமெரிக்காவில். நடத்துவது முன்னாள் படைவீரர்களின் சங்கம். அமெரிக்கா நடத்திய போர்களைப் பற்றி நமக்கு உறுதியான கருத்து உண்டு. அதை இன்னொரு நாள் பேசுவோம். நல்ல சரக்கு எந்தக் கடையில் இருந்தாலும் எடுத்துப் பார்ப்பவன்தானே வியாபாரி!

முதல் உலகப் போர் முடிந்ததும், 1919-ல் தொடங்கப்பட்டது ‘அமெரிக்கன் லீஜன்’ என்ற அந்தச் சங்கம். 1930-களில் சர்வாதிகாரக் கொள்கைகள் இளைஞர் முகாம்கள் வழியாகவும் பரவின. அதற்கு வெறும் கண்டனத் தீர்மானம் போதாது என்று இல்லினாய் மாநில லீஜனைச் சேர்ந்த ஹேய்ஸ் கென்னடி, ஹெரால்டு கார்டு என்ற இருவர் நினைத்தார்கள். 1935-ல் ஸ்பிரிங்ஃபீல்டு நகரின் கண்காட்சித் திடலில் மாணவர்களைக் கூட்டி, ‘நீங்களே ஓர் அரசாங்கம் நடத்துங்கள்’ என்று விட்டுவிட்டார்கள். அதுதான் ‘பாய்ஸ் ஸ்டேட்’. சங்கத்தின் மகளிர் பிரிவு 1937-ல் மாணவியருக்கு ‘கேர்ள்ஸ் ஸ்டேட்’ தொடங்கியது.

எப்படி நடக்கிறது தெரியுமா? பள்ளியின் கடைசி வகுப்புக்கு முந்திய வகுப்பை முடித்த மாணவர்கள் வருகிறார்கள். வந்ததும் கட்சி பிரிக்கிறார்கள். நாட்டின் உண்மையான கட்சிகளின் பெயர் வைப்பதில்லை. பல மாநிலங்களில் ‘பெடரலிஸ்ட்’, ‘நேஷனலிஸ்ட்’ என்று இரண்டே கற்பனைக் கட்சிகள். கொள்கையை மாணவர்களே எழுத வேண்டும். முதலில் நகரசபை, பிறகு கவுண்டி எனப்படும் மாவட்டம், கடைசியில் மாநிலம். மேயர் முதல் ஆளுநர் வரை எல்லாப் பதவிக்கும் தேர்தல். அங்கே ஆளுநர் என்பவர் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் ஆட்சித் தலைவர். நம்மூர் ஆளுநரோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். மசோதா கொண்டுவருகிறார்கள், விவாதிக்கிறார்கள், தோற்கடிக்கிறார்கள். 2017-ல் டெக்சாஸ் முகாமில், அமெரிக்காவை விட்டே பிரிந்துபோகிறோம் என்று தீர்மானம் நிறைவேற்றிவிட்டார்கள்! பிள்ளைகள் கையில் கொடுத்தால் அதுவும் நடக்கும்.

1946 முதல், ஒவ்வொரு மாநில முகாமிலிருந்தும் இருவரைத் தேர்ந்து தலைநகர் வாஷிங்டனுக்கு அனுப்புகிறார்கள். 1963 ஜூலை 24 அன்று வெள்ளை மாளிகையின் ரோஜாத் தோட்டத்தில் அந்த மாணவர்களை அதிபர் கென்னடி சந்தித்தார். இன சமத்துவம் பற்றி மாணவர்கள் தீர்மானம் கொண்டுவந்திருந்தார்கள். மாநில ஆளுநர்கள் மாநாட்டைவிட நீங்கள் முனைப்புக் காட்டினீர்கள் என்ற பொருளில் கென்னடி பாராட்டினார். அன்று முண்டியடித்து முன்வந்து அவர் கையைக் குலுக்கிய ஆர்க்கன்சாஸ் மாணவனுக்கு வயது 16. பெயர் பில் கிளின்டன். முப்பதாண்டு கழித்து, 1993-ல், அதே மாளிகைக்கு அதிபராக வந்தார்.

சகோதரர்களே! பெரிய மனிதர் ஆனவர் கதையை எல்லோரும் சொல்வார்கள். தோற்றவர் கதை நமக்கு அதிகம் பயன்படும்.

2018-ல் டெக்சாஸ் முகாமில் ஆயிரத்துக்கு மேற்பட்ட மாணவர்கள். அதை முழுதும் படம் பிடித்து, 2020-ல் ‘பாய்ஸ் ஸ்டேட்’ என்ற ஆவணப்படமாக வெளியிட்டார்கள். மெக்சிகோவிலிருந்து குடியேறிய தாயின் மகன் ஒருவன் ஆளுநர் பதவிக்கு நின்றான். பேச்சில் ஆரவாரம் கிடையாது. ஒவ்வொருவரிடமும் போய் நின்று, காது கொடுத்துக் கேட்டு, கையெழுத்துச் சேர்த்தான். கட்சி வேட்பாளராகவும் ஆனான். துப்பாக்கிக் கலாச்சாரத்திற்கு எதிரான ஊர்வலத்தில் முன்பு அவன் பங்கெடுத்ததை எதிர்த்தரப்பு தோண்டி எடுத்தது. தோற்றான்.

அவனுடைய கட்சிக்குத் தலைவனாகத் தேர்வானவன் ஒரு கருப்பின மாணவன். சுற்றிலும் பெரும்பாலும் வெள்ளையர்கள். அவன் பேச்சைக் கேட்டுத்தான் ஓட்டுப் போட்டார்கள். பிறகு அவனைப் பதவியிலிருந்து இறக்க முயற்சி. நிறத்தைக் குத்திக்காட்டும் கேலிப் படங்கள் கைபேசிகளில் சுற்றின. அவன் கத்தவில்லை, வெளியேறவுமில்லை. கூட்டத்தைக் கட்டுப்படுத்தி, தலைவனாகவே நீடித்தான்.

பதினேழு வயதில் அந்தப் பையன் கற்றதை, சிறுபான்மையாக வாழும் எந்த இளைஞனும் கற்க வேண்டியிருக்கிறது. எண்ணிக்கை நம் கையில் இல்லாத இடத்தில் விதி தெரிந்திருக்க வேண்டும். எந்தக் கட்டத்தில் எழுந்து பேசலாம், எதைத் தீர்மானமாக்கலாம், யாரிடம் மனுப் போகும் என்று தெரியாதவன் வாசலில் நின்று கோஷம் போடுவதோடு சரி. கோஷம் வேண்டாம் என்று சொல்லவில்லை, நானும் போட்டவன்தான். உள்ளே உட்காருகிறவன் ஒருவன் வேண்டாமா?

அந்தச் சங்கமே நியாயமாக நடக்கிறதா என்றால், அங்கேயும் ஓட்டை உண்டு. 2022-ல் மிசூரி மாநிலத்தில் ஆண் பிள்ளைகள் முகாமும் பெண் பிள்ளைகள் முகாமும் முதன்முறையாக ஒரே பல்கலைக்கழக வளாகத்தில் நடந்தன. பக்கத்தில் பக்கத்தில் பார்த்ததும் பெண்களுக்குப் புரிந்துவிட்டது. உடைக் கட்டுப்பாடு தங்களுக்கு. தனியே நடக்கக்கூடாது என்ற விதியும் தங்களுக்கு. பணம் அதிகம் ஆண்கள் முகாமுக்கு! ஆளுநர் தேர்தலில் தோற்ற ஒரு மாணவி சோர்ந்து உட்காரவில்லை. விசாரித்துக் கணக்கை எடுத்துச் செய்திக் கட்டுரையாக எழுதினாள். 2024-ல் வெளிவந்த ‘கேர்ள்ஸ் ஸ்டேட்’ ஆவணப்படத்தில் இதைக் காணலாம். நடத்தியவர்களிடமே கணக்குக் கேட்கும் அளவுக்குக் கற்றுக்கொண்டாள் பாருங்கள்!

லீஜன் 1938 முதல் பேச்சுப் போட்டியும் நடத்துகிறது. அரசியல் சட்டம் பற்றி எட்டிலிருந்து பத்து நிமிடம், கையில் குறிப்பில்லாமல் பேச வேண்டும். பரிசு கல்லூரிப் படிப்புக்கான உதவித்தொகை.

வணிகப் பெருமக்களே, கடைசியாக உங்களிடம் வருகிறேன். இந்த முகாம்களுக்கு மாணவனை அனுப்பும் செலவு பெரும்பாலும் அவன் வீட்டிலிருந்து வருவதில்லை. அந்தந்த ஊரின் லீஜன் கிளை கட்டுகிறது. உள்ளூர்க் கடைக்காரர்களும் அமைப்புகளும் பங்கு போடுகிறார்கள். ஒரு கடை, ஒரு மாணவன், ஒரு வாரச் சாப்பாடும் தங்குமிடமும். அவன் திரும்பி வந்து இன்னும் ஓராண்டு அதே ஊர்ப் பள்ளியில்தான் படிக்கிறான். அடுத்து யார் போகலாம் என்று கீழ் வகுப்புப் பிள்ளைகள் அவனிடமே கேட்டுக்கொள்கிறார்கள். உங்கள் கடை வரவு செலவில் அப்படி ஒரு மாணவனுக்கு இடமிருக்கிறதா என்று இன்றிரவு கணக்குப் பார்த்துச் சொல்லுங்கள்.