உயிரணுவின் காளவாய்



மும்பையில் தமிழர் வாழும் பகுதிகளுள் ஒன்று சுனாபட்டி. அப்பெயருக்குச் சுண்ணாம்புக் காளவாய் என்பது பொருள். காளவாயில் தீ குறைந்தால் கல் வேகாது. மிகுந்தாலோ சுண்ணாம்பு செவ்வனே நீறாது. தீயை அளவறிந்து காப்பதே அத்தொழிலின் திறமாகும். பச்சைச் செடியின் ஒவ்வோர் உயிரணுவிலும் இத்தகைய காளவாய் ஒன்று எரிகின்றது எனலாம். அதன் தீயை அளந்து காப்பவை புரதங்கள். அவற்றைப் பற்றியே இன்று நாம் சிறிது சிந்திப்போம்.

சுனாபட்டியில் ரயிலேறிச் செம்பூர், மான்குர்த் வழியாக வாஷிக்குச் செல்வோர், தாணே கடற்கழியைக் கடக்கையில் கரையோரத்தே அடர்ந்த பசுமையைக் காண்பர். மராத்தியர் திவர் என்றழைக்கும் வெண்கண்டல் மரங்களே அங்கு மிகுதி. பிச்சாவரத்திலும் முத்துப்பேட்டையிலும் அலையாத்திக் காடுகளில் நிற்பதும் இதே இனந்தான். நெற்பயிர் தாங்கமாட்டாத உப்புச் சேற்றில் இம்மரம் எங்ஙனம் தழைக்கின்றது? உப்பை இலைகளின் வழியே கசியவிடுவது ஒரு வழி. மற்றொரு வழி உயிரணுவினுள் மறைந்திருக்கின்றது.

இலையில் ஒளி விழுந்ததும் பச்சையத்திலிருந்து எலெக்ட்ரான்கள் கிளர்ந்து ஓடுகின்றன. அவற்றின் ஆற்றலைக் கொண்டே இலை கரியமில வாயுவைச் சர்க்கரையாக்குகின்றது. எலெக்ட்ரானை இழப்பது ஆக்ஸிஜனேற்றம், பெறுவது ஒடுக்கம். இவை ஒரு தராசின் இரு தட்டுகள். மண்ணில் உப்பு மிகுந்தால், உள்ள நீரைக் காக்கும்பொருட்டு இலை தன் துளைகளை மூடிக்கொள்கின்றது. கரியமில வாயுவின் வரவு குறைகின்றது; ஒளியோ குறைவதில்லை. போக்கிடமற்ற எலெக்ட்ரான்கள் ஆக்ஸிஜனைப் பற்றிக்கொள்ள, சூப்பர் ஆக்ஸைடு என்னும் பொருள் பிறக்கின்றது. அது பெருகினால் உயிரணுவின் சவ்வுகளும் புரதங்களும் சிதைவுறும்.

அதனை அடக்குவதற்கென்றே ஒரு புரதம் உண்டு. சூப்பர் ஆக்ஸைடு டிஸ்மியூட்டேஸ் என்னும் அந்நொதியின் பணியை அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகத்து அறிஞர்களான மெக்கார்டும் ஃபிரிடோவிச்சும் 1969-இல் கண்டறிந்தனர். அது சூப்பர் ஆக்ஸைடை ஹைட்ரஜன் பெராக்ஸைடாக மாற்றும். கேட்டலேஸ் என்னும் மற்றொரு நொதி அதனைத் தண்ணீராகவும் ஆக்ஸிஜனாகவும் பிரித்துவிடும். மருந்துக் கடையில் கிடைக்கும் ஹைட்ரஜன் பெராக்ஸைடில் சில துளிகளை நறுக்கிய உருளைக்கிழங்கின்மேல் விட்டால் நுரை பொங்கக் காணலாம். அது கேட்டலேஸ் விடுவித்த ஆக்ஸிஜனே.

சென்னை எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார், வெண்கண்டலிலிருந்து டிஸ்மியூட்டேஸ் புரதத்துக்குரிய ஜீனைப் பிரித்தெடுத்துப் பூசா பாஸ்மதி-1 நெல்லில் சேர்த்தனர். முடிவு 2008-இல் வெளியாயிற்று. உப்பு கலந்த நீரில் 8 நாட்கள் வைத்தபோது சாதாரண நெல் வாடியது. இந்நெல் தாங்கி நின்றது. இது சோதனைச்சாலைப் பயிரே. சந்தைக்கு வந்த நெல்லன்று. ஆயினும் 2004-ஆம் ஆண்டு ஆழிப்பேரலையில் நாகை மாவட்டத்து வயல்களுள் கடல்நீர் புகுந்ததை அறிந்தோர்க்கு இதன் அருமை விளங்கும்.

அப்படியாயின் இத்தீயை அறவே அணைத்துவிடலாகாதோ எனின், ஆகாது. செடி வளர்வதற்கும் அதுவே வேண்டும். அரபிடாப்சிஸ் என்னும் கடுகினச் சிறு செடியில் இது தெளிவாயிற்று. வேரிலுள்ள ஒரு புரதம் வேண்டுமென்றே சூப்பர் ஆக்ஸைடை ஆக்குகின்றது. அப்புரதம் இல்லாத செடியில் வேர்த்தூவிகள் நீளுவதில்லை என 2003-இல் கண்டனர். வேர்நுனியில் உயிரணுக்கள் பிரியுமிடத்தில் சூப்பர் ஆக்ஸைடும், அவை நீளுமிடத்தில் ஹைட்ரஜன் பெராக்ஸைடும் மிகுந்திருக்கும். இவ்விரண்டின் எல்லையை அப்பீட்-1 என்னும் புரதம் வகுக்கின்றதென 2010-இல் அறியப்பட்டது. அதனை நீக்கினால் வேர் மேலும் நீண்டு வளர்கின்றது. அழிக்கும் பொருளே அளவில் நின்றால் ஆக்கும் பொருளாகின்றது.

இவ்வறிவைப் பயிர்த்தொழிலுக்குக் கொணரும் முயற்சி நமக்கு அருகிலேயே நிகழ்ந்துள்ளது. செம்பூரை அடுத்த டிராம்பேயில் உள்ள பாபா அணு ஆராய்ச்சி மையத்தார், தயோயூரியா என்னும் கந்தகச் சேர்மத்தைச் சிறு அளவில் தெளித்துக் கடுகுச் செடியின் சமநிலையைச் சீராக்கி விளைச்சலைப் பெருக்கலாம் எனக் காட்டியுள்ளனர். இதற்கு வேற்று ஜீன் வேண்டுவதில்லை.

கண்டற்காடுகளை அழிப்பதற்கு மும்பை உயர் நீதிமன்றம் 2018-இல் தடை விதித்தது. எனினும் சட்டம் மட்டும் சேற்று நிலத்தைக் காத்துவிடாது. கழிக்கரையில் ஒரு கூடைக் குப்பையைக் கொட்டுமுன், ஊரில் நம் உறவினர் உழும் வயலுக்கு ஒருநாள் உதவக்கூடிய விதைச்செல்வம் அங்கே நிற்கின்றதென்பதை நாம் நினைவிற்கொள்வோமாக.