மோட்டாரைக் கழற்றும் முன்

ஐப்பசியில் முதல் பெருமழை இறங்கும் இரவில், கவரைப்பேட்டைக்கும் எளாவூருக்கும் நடுவே கொல்கத்தா நெடுஞ்சாலையின் ஓரமாக லாரிகள் ஒதுங்கி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். டயர் வெடித்து நிற்பவை ஒரு பக்கம் இருக்க, வைப்பர் ஓடாமல் கண்ணாடி தெரியாமல் நிற்பவையும் அவற்றில் உண்டு. அப்படி நின்றுவிட்ட வண்டியைப் பற்றி ஓட்டுநரோ கிளீனரோ முதலில் சொல்வது, 'மோட்டார் போயிடுச்சு' என்பதுதான். மறுநாள் காலை ஆட்டோ எலக்ட்ரீஷியன் கடையில் மோட்டார் கழற்றப்படும், வேறொன்று மாட்டப்படும், சில நாளில் அதுவும் தயங்கத் தொடங்கும். பதினைந்து, இருபது வருடம் ஓடிய லாரியில் முதலில் சந்தேகப்பட வேண்டியது எர்த்தை என்பதே என் வாதம். மோட்டாரின் முறை அதற்குப் பிறகுதான்.

காரணத்தை வண்டியின் பிறப்பிலிருந்தே தொடங்கலாம். பேட்டரியின் பாசிட்டிவிலிருந்து கிளம்பும் மின்சாரம் ஃப்யூஸ், சுவிட்ச் வழியாக மோட்டாருக்கு வருகிறது. அது பேட்டரிக்குத் திரும்பிப் போகத் தனி ஒயர் முழு நீளத்துக்கும் கிடையாது. கேபினின் இரும்பும் சேஸும்தான் திரும்பும் பாதை; அதைத்தான் எர்த் என்கிறோம். எண்ணூரில் 1948-இல் அசோக் மோட்டார்ஸ் தொடங்கி, பிறகு அசோக் லேலண்ட் ஆன காலத்திலிருந்து, நம் ஊர் லாரிகள் பெருமளவு வெறும் சேஸாகவே விற்கப்பட்டன. கேபினையும் பாடியையும் நாமக்கல், திருச்செங்கோடு பக்கத்துப் பட்டறைகள் கட்டிக் கொடுத்தன. மரச்சட்டம், அதன்மேல் தகடு, அதன்மேல் பெயின்ட். மரத்தில் மின்சாரம் ஓடாது என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். ஆகவே அந்தக் கேபினில் வைப்பரின் எர்த், ஏதோ ஒரு தகட்டையும் ஒரு போல்ட்டையும் நம்பி நிற்கிறது. எட்டு வருடம் கடந்த சரக்கு வண்டிக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. (தகுதிச் சான்று) எடுக்க வேண்டும், எஃப்.சி. என்றால் பெயின்ட். கழற்றி மாட்டும்போது அந்த போல்ட்டுக்கு அடியிலும் பெயின்ட் புகுந்துவிடுகிறது. போதாக்குறைக்கு நம் வட்டாரக் காற்று: எண்ணூர், காட்டுப்பள்ளி துறைமுகங்களில் உப்பு, மீஞ்சூர் பக்கம் அனல்மின் நிலையச் சாம்பல், கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் உருக்காலைகளைச் சுற்றி இரும்புத் தூள். ஈரமும் உப்பும் சேர்ந்த இடத்தில் ஒயர் முனையின் செம்பு லக்கும் இரும்பு போல்ட்டும் ஒட்டி நின்றால் துரு எவ்வளவு வேகமாகப் பிடிக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

'டெஸ்ட் லாம்ப் வைத்துப் பார்த்தோம், பிரகாசமாக எரிகிறது, கரன்ட் சரியாகத்தான் வருகிறது' என்று ஒரு பதில் வரும். இந்தப் பதிலில்தான் சிக்கலே இருக்கிறது. ஒரு சிறு கணக்குப் போடுவோம். 24 வோல்ட் வண்டி. வைப்பர் மோட்டார் ஓடும்போது 4 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். துருப்பிடித்த எர்த் போல்ட்டில் வெறும் 2 ஓம் தடை இருந்தால், நான்கை இரண்டால் பெருக்கி 8 வோல்ட் அங்கேயே தீர்ந்துவிடும். மோட்டாருக்குக் கிடைப்பது 16. அதே இடத்தில் 5 வாட் டெஸ்ட் லாம்பை வைத்தால் அது இழுப்பது 0.2 ஆம்பியர்தான், இழப்பு அரை வோல்ட்டுக்கும் குறைவு. பல்பு பளிச்சென்று எரியும். டிஜிட்டல் மீட்டர் வைத்தால் அது ஒன்றுமே இழுக்காததுபோல்தான். முழு 24-ஐக் காட்டும். மாடித் தொட்டியிலிருந்து வரும் குழாய் உள்ளே துருவேறி அடைத்திருந்தாலும், திருகை மூடி வைத்திருக்கும்வரை அழுத்தம் குறையாமல்தான் இருக்கும். திறந்தால்தானே நூலாக ஒழுகுவது தெரியும்? அதுபோல, மோட்டாரை நிறுத்தி வைத்துக்கொண்டு எர்த்தைச் சோதிப்பதில் பயனில்லை. கேபினுக்குள் முழுப் பாதையையும் சோதிக்க வேண்டுமானால், பழைய ஹெட்லைட் பல்பு ஒன்றில் ஒயர் பற்றவைத்து, மோட்டார் இருக்கும் இடத்தில் மோட்டாருக்குப் பதிலாக மாட்டுங்கள். 70 வாட் பல்பு ஏறக்குறைய 3 ஆம்பியர் இழுக்கும். எர்த் கெட்டிருந்தால் அது மங்கி எரிந்து காட்டிக்கொடுத்துவிடும்.

மீட்டர் கையில் இருந்தால் இன்னும் எளிது. கண்ணாடியில் தண்ணீரை ஊற்றிவிட்டு வைப்பரைப் போடுங்கள் (காய்ந்த கண்ணாடியில் ரப்பர் ஒட்டி இழுக்கும், அளவு தப்பாகிவிடும்). ஓடும்போதே மீட்டரின் ஒரு முனையை மோட்டார் உடம்பிலும், மற்றதைப் பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும் வையுங்கள். சுழியத்தை ஒட்டி வர வேண்டும். அரை வோல்ட் வரை பொறுத்துக்கொள்ளலாம். இரண்டு, மூன்று என்று காட்டினால் குற்றவாளி கிடைத்துவிட்டான். மீட்டர் இல்லாதவர் கண்ணாலேயே பார்க்கக்கூடிய அறிகுறி ஒன்று உண்டு. வைப்பர் ஓடும்போது இண்டிகேட்டரைப் போடுங்கள். விளக்கு சிமிட்டும் ஒவ்வொரு தடவையும் வைப்பர் கை சற்றே தயங்கினால், அல்லது டாஷ்போர்டு முள் கூடவே ஆடினால், கேபினுக்குப் பொதுவான எர்த் கெட்டிருப்பதற்கே வாய்ப்பு அதிகம்.

இதற்கு அனுபவசாலி எலக்ட்ரீஷியன் இரண்டு மறுப்புகள் சொல்வார், இரண்டுமே நியாயமானவை. முதலாவது, மோட்டாரில் கார்பன் பிரஷ் தேய்வது அன்றாடம் நடப்பதாயிற்றே என்பது. உண்மைதான். ஆனால் கார்பன் தேய்ந்ததற்கு அடையாளம் வேறு. இரட்டை வேக மோட்டாரில் வேகமான ஓட்டத்துக்கென்று தனியாக ஒரு கார்பன் இருக்கும். மெதுவாக ஓடாமல் வேகமாக மட்டும் ஓடுகிறது, அல்லது அதற்கு நேர்மாறு என்றால் கார்பனையோ சுவிட்சையோ பாருங்கள். மோட்டாரை ஸ்பேனர் கைப்பிடியால் லேசாகத் தட்டினால் ஓடத் தொடங்குகிறது என்றாலும் கார்பனைத்தான் பார்க்க வேண்டும். எர்த் பழுது இரண்டு வேகத்தையும் ஒருசேரக் கெடுக்கும். இரண்டாவது மறுப்பு, மோட்டாரையும் வைப்பர் கைகளையும் இணைக்கும் லிங்க் இறுகிப்போவது பற்றியது. சாம்பலும் இரும்புத் தூளும் புஷ்ஷில் புகுந்து, கிரீஸ் காய்ந்து, வைப்பர் தண்டு திரும்ப மறுக்கும். மோட்டார் திணறி அதிக ஆம்பியர் இழுக்க, ஃப்யூஸ் போகும். லிங்கை மோட்டாரிலிருந்து பிரித்துவிட்டு, வைப்பர் கையைக் கையாலேயே ஆட்டிப் பாருங்கள்; லேசாக வர வேண்டும். இறுகியிருந்தால் புஷ்ஷுக்கு எண்ணெய் விடுவதுதான் வைத்தியம். போன ஃப்யூஸுக்குப் பதிலாகச் செம்புக் கம்பியையோ சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளையோ சுற்றி மாட்டும் வழக்கத்தை மட்டும் என்னால் எந்த நியாயம் கொண்டும் மன்னிக்க முடியவில்லை. திணறும் மோட்டாரின் சூடெல்லாம் டாஷ்போர்டுக்குள் போகும் ஒயர்க் கட்டில் இறங்கும். கேபின் மரத்தாலானது என்பதை மறக்க வேண்டாம்.

'கொட்டுகிற மழையில் இத்தனை சோதனைக்கு ஏது நேரம்' என்று ஓட்டுநர் கேட்டால், அவருக்குச் சுருக்கு வழி இருக்கிறது. மோட்டாரைப் பிடித்திருக்கும் திருகில் ஒரு தடித்த ஒயரை மாட்டி, மறுமுனையைச் சேஸில் துரு சுரண்டிய இடத்திலோ பேட்டரி நெகட்டிவிலோ தொடுங்கள். வைப்பர் உயிர்பெற்றால் நோயும் தெரிந்தது, மருந்தும் கிடைத்தது; அந்த ஒயரை அப்படியே இறுக்கிவிட்டு வண்டியை எடுக்கலாம். சில பழைய மாடல்களில் சுவிட்சே எர்த் பக்கம் இருக்கும். அவற்றில் சுவிட்சின் எர்த்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 'போன மாதம்தான் எஃப்.சி. ஆனது, வைப்பர் ஆடியதே' என்பவருக்கும் ஒரு வார்த்தை. மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இன் 101-ஆவது விதி, வைப்பர் விசையால் இயங்கிக் கண்ணாடியைத் துடைக்கும்படி இருக்க வேண்டும் என்கிறது. பட்டப்பகலில் சில நொடி ஆடிக் காட்டுவது, நெடுநேரம் மழையில் ஓடும் என்பதற்கு உறுதி ஆகாது.

ஊர் திரும்பியபின் நிலையான வேலையைச் செய்துகொள்ளலாம். போல்ட்டைக் கழற்றி, லக்கையும் தகட்டையும் உப்புத்தாள் போட்டு வெள்ளி தெரியும்வரை தேய்த்து, பல்லுள்ள வாஷர் வைத்து இறுக்குங்கள். கிரீஸோ பெயின்ட்டோ இறுக்கியபின் மேலே பூசுவதற்கு. அடியில் பூசினால் பழைய கதைதான். மோட்டாரிலிருந்து சேஸுக்குத் தனி எர்த் ஒயர் ஒன்றும் நிரந்தரமாக இழுத்துவிடுங்கள். இத்தனையும் செய்தபிறகும், சுவிட்சை அணைத்ததும் வைப்பர் கீழே போய்ப் படுக்காமல் கண்ணாடியின் நடுவிலேயே நிற்கிறதென்றால், பழுது மோட்டாரின் கியர்ப் பெட்டிக்குள் இருக்கும் பார்க்கிங் சுவிட்சில் இருக்கலாம். சுவிட்சை அணைத்த பிறகும் கை கீழே இறங்கும்வரை மின்சாரம் கொடுப்பது அதன் தொடுமுனைகள்தான். அவற்றுக்கு வரும் ஒயரில் மின்சாரம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால், அப்போது மோட்டாரைக் கழற்றத்தான் வேண்டும்.